நோயுறாத எலி

கொள்ளைநோய்க் காலத்தில் முதலில் மாண்டது எலி. கூரையிலிருந்து விழுந்தும் முற்றத்தில் தள்ளாடிச் சுருண்டும் எலிகள் மடியத் தொடங்கினால் சில நாள்களில் மனிதரும் மடிவர் என்பதை மருத்துவ உலகம் ஏற்பதற்கு முன்பே இந்தியச் சிற்றூர் மக்கள் கண்டறிந்திருந்தனர். எலி செத்த வீட்டைத் துறந்து வெளியில் குடிசையிட்டுத் தங்கினர். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அறிஞர் பலர் காற்றையும் அழுக்கையும் உணவையும் ஐயுற்றனர். 1898இல் கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன் வேறு வழியில் சிந்தித்தார். தெள்ளுப்பூச்சி மொய்த்த நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் இட்டார். அதனைத் தீண்டவியலாதவாறு கம்பி வலைக் கூட்டில் நலமுள்ள எலி ஒன்றையும் உள்ளே வைத்தார். முதல் எலி இறந்தது. சில நாள்களில் இரண்டாவதும் பிளேக்கால் இறந்தது. குளிர்ந்த பிணத்தை விட்டு நீங்கிய தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கடத்தின என்று சிமோன் கூறியதைப் பலர் அன்று நகையாடினர்; சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் நிகழ்ந்த விரிவான ஆய்வுகள் அவர் கூற்றை நிலைநாட்டின.

இதனால் ஓர் அரிய நடைமுறையும் பிறந்தது. பிளேக் பரவும் ஊரில் எலியை முதலில் கொல்லலாகாது. கொன்றால் பசித்த தெள்ளுப்பூச்சிகள் அடுத்த வெதுவெதுப்பான உடலை, பெரும்பாலும் மனித உடலை, நாடும். பூச்சியை ஒழித்த பின்னரே எலிமேல் கைவைக்க வேண்டும். கோயம்புத்தூரில் இன்றும் வழிபாட்டில் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நாள் அச்சத்தின் சான்றுகள்.

பிளேக் எலி தான் செத்துப் பிறரை எச்சரித்தது. இன்று தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய நிலங்களில் மழைக்காலந்தோறும் உயிர் குடிக்கும் எலிக்காய்ச்சலில் அவ்வெச்சரிக்கை கிடையாது. அந்நோயைச் சுமக்கும் எலி நலமாக உண்கிறது, ஓடுகிறது, குட்டிகளை ஈனுகிறது. தன் சிறுநீரோடு நோய்க்கிருமியை வாழ்நாளெல்லாம் உதிர்த்துக்கொண்டும் இருக்கிறது. எலியால் வரும் தீங்கு என்றவுடன் கடியையே அஞ்சுகிறோம். எலிக்காய்ச்சலுக்கு எலியை நாம் கண்ணால் காணவேண்டிய தேவைகூட இல்லை.

அக்கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. திருகுச் சுருளாய் அமைந்த இழை, தடிமன் 0.1 மைக்ரோமீட்டர், நீளம் 6 முதல் 20 மைக்ரோமீட்டர். இவ்வளவு மெல்லியதாகையால் இயல்பான நுண்ணோக்கியில் புலப்படாது. இருட்புல நுண்ணோக்கியில் கரிய பின்னணியில் சுழன்று நெளியும் ஒளிக்கீற்றாகத் தோன்றும். எலியின் உடலுள் நுழைந்த கிருமியைக் குருதியிலிருந்து அதன் எதிர்ப்பாற்றல் துடைத்தெறிந்துவிடும். ஆயினும் சிறுநீரக நுண்குழல்களின் உட்சுவரில் படலமாய்ப் படிந்த கிருமிகள் அங்கேயே நிலைபெறுகின்றன. எலிக்கு அதனால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை. நாய், மாடு, பன்றி ஆகியவையும் இக்கிருமியைச் சுமக்கக்கூடும். எனினும் வீட்டெலி, வயலெலி, பெருச்சாளி ஆகியவற்றின் பங்கே மனிதருக்குப் பெரிது.

இந்நோயை 1886இல் செருமனியின் ஐடல்பர்க் நகரில் அடால்ப் வைல் என்னும் மருத்துவர் தெளிவாக விளக்கினார்: காய்ச்சல், மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், சிறுநீரக அழற்சி. காரணம் தெரியவில்லை. 1907இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் ஆர்தர் சுடிம்சன் என்பவர் கேள்விக்குறிபோல் முனை வளைந்த இழைகளைக் கண்டு பதிவுசெய்தார். தாம் கண்டது என்னவென்று அவரும் அறிந்திலர். விடை சப்பானின் கியூசூ தீவிலிருந்து வந்தது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே காமாலையோடு கூடிய காய்ச்சல் மிகுந்திருந்தது. நீர் கசியும் சுரங்கங்களில் உழைத்தோரையே அது பெரிதும் பற்றியது. நோயாளரின் குருதியைச் சீமைப்பெருச்சாளிகளில் செலுத்தி, அவற்றின் உடலில் இத்திருகிழையை இனாடா, இடோ என்னும் சப்பானிய ஆய்வர் இருவர் 1915இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஈராண்டுக்குள் அவர்கள் குழுவினர் அதே இழையை எலிகளின் சிறுநீரகத்திலும் கண்டனர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சேற்றோடும் எலியோடும் கிடந்த படைவீரரிடம் செருமானிய ஆய்வரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனித்தே இதைக் கண்டுபிடித்தனர்.

இவ்விடத்தில் நொகுச்சியின் கதையை விட்டுச் செல்ல மனமில்லை. லெப்டோஸ்பைரா எனப் பெயரிட்டவர் அவரே. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் புகழ்பெற்ற சப்பானியர். 1918இல் ஈக்வடார் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் நோயாளர் எனப்பட்டோரிடம் இக்கிருமியைக் கண்டு, மஞ்சள் காய்ச்சலுக்கே இதுதான் காரணம் என்று முடிவுகட்டினார். அவர் கண்டது எலிக்காய்ச்சல் கிருமியே என்பதை 1926இல் மேக்சு தெய்லரும் உடனாய்வர் ஒருவரும் மெய்ப்பித்தனர். தம் கொள்கையை ஆராய ஆப்பிரிக்காவின் அக்ரா நகருக்குச் சென்ற நொகுச்சி, 1928இல் மஞ்சள் காய்ச்சலாலேயே இறந்தார். அத்துணைப் பெரிய அறிஞரையே மயக்கிய நோய், நெரிசல் மிக்க புறநோயாளர் பிரிவில் டெங்கு என்றோ கல்லீரல் அழற்சி என்றோ தவறாகக் கணிக்கப்படுவதில் வியப்பில்லை.

எலியின் சிறுநீர் நீரிலும் ஈரமண்ணிலும் கலந்தபின் கிருமி வாரக்கணக்கில், இடம் வாய்த்தால் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெதுவெதுப்பான நன்னீரும் நிழலும் அதற்கு ஏற்றவை. வெயிலில் காய்ந்தால் விரைவில் மடியும், குளோரின் கலந்த நீரிலும் பிழைக்காது. தோலின் கீறல், கண், மூக்கு, வாய் இவற்றின் மென்சவ்வு வழியாக அது உடம்பினுள் புகும். நெடுநேரம் நீரில் ஊறிய தோல் அதற்கு மேலும் எளிதாக இடங்கொடுக்கும். நடவு வயலில் நாளெல்லாம் நிற்கும் பெண்களின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இல்லாத காலம் உண்டா? அதுவே கிருமிக்குத் திறந்த வாயில். நெல் முற்ற முற்ற வரப்பு வளைகளில் எலி பெருகுகிறது. அதே வயலில்தான் அறுவடையும் நடக்கிறது. இலங்கையில் இந்நோய் பெரும்போகம், சிறுபோகம் ஆகிய பயிர்க்காலங்களை ஒட்டி ஏறி இறங்குவது இதனால்தான். 2008இல் அத்தீவில் 7,000 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று.

நகரில் இதே இடரைச் சுமப்போர் கழிவுநீர்க் கால்வாயில் இறங்கும் தொழிலாளர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர், 58,900 பேர் இறக்கின்றனர் என்று 2015இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. நோயுறுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 20 முதல் 49 அகவை ஆண்கள். குடும்பத்துக்குச் சோறிடும் அகவை அது. எலிக்காய்ச்சலை நான் எலியின் நோயாகக் காண்பதைவிட உழைப்பின் நோயாகவே காண்கிறேன்.

வெள்ளம் வந்தால் அனைவரும் உழவராகிவிடுகிறோம். எல்லார் காலும் சேற்றில். வளைகள் மூழ்கி எலிகள் மேட்டுக்கு ஏற, சாக்கடையும் தெருவும் ஒன்றாகின்றன. 1999 ஒடிசாப் புயலுக்குப் பின்னும் 2005 மும்பை வெள்ளத்துக்குப் பின்னும் எலிக்காய்ச்சல் பரவியது. 2018 கேரள வெள்ளத்தை அடுத்தும் அது உயிர்களைப் பறித்தது. 2024 திசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பெருமழைக்குப் பின் இனந்தெரியாக் காய்ச்சலால் சிலர் இறந்தபோது, ஆய்வு காட்டியதும் இந்நோயையே.

அந்தமான் தந்த பாடம் இன்னும் கசப்பானது. 1988 முதல் வட அந்தமானில் மழை ஓய்ந்த மாதங்களில் மக்கள் காய்ச்சலுற்று, குருதி உமிழ்ந்து இறந்தனர். பெயர் தெரியாமையால் அதை அந்தமான் குருதிக்கசிவுக் காய்ச்சல் என்றனர். 1993இல்தான் அது எலிக்காய்ச்சல் என்று புலனாயிற்று. இத்தனைக்கும் அதே தீவுகளில் அதே நோயை டெய்லர், கோயல் என்னும் ஆய்வர் இருவர் விரிவாக ஆராய்ந்து 1931இல் நூலாகவே வெளியிட்டிருந்தனர்! எழுதி வைத்ததை மறப்பதற்கு அறுபது ஆண்டு போதுமானதாயிற்று.

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் நோய் வெளிப்படும். திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி. இவை எந்தக் காய்ச்சலுக்கும் பொது. இருப்பினும் இரு குறிகள் கவனிக்கத்தக்கவை: கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கும் வலி, பீளை தள்ளாமல் சிவந்திருக்கும் கண். பெரும்பாலோர் இத்துடன் தேறிவிடுவர். சிறு பங்கினரிடம் நோய் முற்றிக் கண் மஞ்சளாகிறது, சிறுநீரகம் தளர்கிறது, நுரையீரலில் குருதி கசிகிறது. நுரையீரல் கடுமையாகத் தாக்குண்டால் இறப்போர் பாதிக்கு மேல்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். கண் மஞ்சளானதும் நம் ஊர்களில் மருத்துவமனைக்குப் போகாமல் கீழாநெல்லியும் பத்தியமுமாக நாள் கடத்தும் வழக்கம் ஆழ வேரூன்றியது. காமாலையின் வகைகள் பல. தானாகவே தணிபவையும் அவற்றுள் உண்டு. அதனால் மருந்துக்குப் புகழ் சேர்கிறது. காய்ச்சலோடு வரும் எலிக்காய்ச்சல் காமாலையில் அந்த மூன்று நான்கு நாள்களே சிறுநீரகத்தின் விலை. உரிய காலத்தில் வந்தால், சிறுநீரகம் செயலிழந்தவரும் சில முறை குருதித் தூய்மிப்புக்குப் பின் முழுமையாகத் தேறுவது இந்நோயின் இயல்பு. நாள்பட்ட சிறுநீரக நோயாளருக்கு இல்லாத நற்பேறு அது.

ஆய்வகமும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே. எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசா ஆய்வு முதல் வாரத்தின் இறுதியில்தான் பெரும்பாலும் நோயைக் காட்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்டு செய்யும் நுண்திரட்சி ஆய்வு மிகச் சில இடங்களிலேயே உண்டு. மூன்றாம் நாளில் 'இல்லை' என்று வந்த தாளை நம்பி வீட்டில் இருத்தல் தவறு. நோய்க்குறியும் தொழிலும் பொருந்தினால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே நல்ல மருத்துவம். எளிய நிலையில் டாக்சிசைக்ளின் மாத்திரை, கடிய நிலையில் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. இவை அரிய மருந்துகள் அல்ல, விலையும் குறைவு.

முற்காப்புக்கும் டாக்சிசைக்ளின் உதவுகிறது. பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர் 940 பேரிடம் நடந்த ஆய்வு 1984இல் வெளியாயிற்று: வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் உட்கொண்ட பாதியினரில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை உண்டோரில் 20 பேருக்கும் நோய் கண்டது. கேரள வெள்ளத்தில் மீட்புப் பணியாளருக்கு இம்மாத்திரை பெருமளவில் வழங்கப்பட்டது இவ்வழியிலேயே. கருவுற்றோரும் சிறுவரும் தாமாக உண்ணலாகாது. பிறரும் மருத்துவர் சொல் கேட்டே உண்ணவேண்டும். முழங்கால் காலணி அணிக என்று அரசு அறிக்கைகள் கூறும். சாக்கடைப் பணியாளருக்கு அது முற்றும் பொருந்தும். காலணி தர மறுத்தால் முதலாளியைக் கேட்க வேண்டும். நாற்று நடுபவருக்கு அவ்வறிவுரை பொருந்தாது. சேற்றில் காலணி புதைந்து கழலும். வரப்பு அறியாதவர் எழுதிய வரி அது. நடுபவருக்கு வேண்டியவை சேற்றுப்புண்ணுக்கு மருந்து, பருவத்துக்கு முன் மருத்துவரின் முற்காப்பு, காய்ச்சலில் காலந்தாழ்த்தாச் சிகிச்சை.

எலியால் வரும் பிற நோய்களைச் சுருங்கச் சொல்லலாம். எலிக்கடிக் காய்ச்சல் உண்டு. கடிவாயை உடனே சவர்க்காரமிட்டுக் கழுவிச் சிகிச்சை பெற வேண்டும். எலிமேல் வாழும் சிற்றுண்ணிகளின் குஞ்சு கடித்து வரும் புதர்க்காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலானது. சிகரெட்டுச் சூடுபோன்ற கரும்புண் அதன் அடையாளம். எலி எச்சம் காய்ந்த தூசியை முகர்வதால் பரவும் ஹண்டா வைரசுகள் கொரியப் போரில் 3,000க்கும் மேற்பட்ட படைவீரரை நோயில் வீழ்த்தின. அக்குடும்பத்தில் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட வைரசின் பெயர் தோட்டப்பாளையம்; 1964இல் வேலூரின் அப்பகுதியில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து கிடைத்தது. மூஞ்சூறு எலியினம் அன்று, அவ்வைரசு மனிதருக்கு நோய் தந்ததாகச் சான்றும் இல்லை. என்றாலும் பூட்டிக்கிடந்த அறையையும் தானியக் கிடங்கையும் கூட்டுமுன் வெளுப்புத்தூள் நீர் தெளித்து நனைத்துக்கொள்வதே முறை; உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கிளப்பலாகாது.

வெள்ளநீரிலோ வயலிலோ சாக்கடையிலோ நின்றபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராதீர். எந்த நாளில், எந்த நீரில் நின்றீர் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.