நியாயமான விலை, நியாயமான தராசு



இறைவாக்கினர் ஆமோஸ் நூலின் எட்டாம் அதிகாரம் ஒரு சந்தையைப் பற்றிப் பேசுகிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த வணிகர்கள் அங்கே இருந்தார்கள். அளவைக் குறைத்தார்கள், விலையை ஏற்றினார்கள், தராசில் ஏமாற்றினார்கள், கழிவுத் தானியத்தையும் ஏழைகளின் தலையில் கட்டினார்கள். அவர்கள் செய்ததை ஆண்டவர் ஒருபோதும் மறக்கமாட்டார் என்கிறார் ஆமோஸ். ஆலயத்தில் நாம் குவிக்கும் கைகளைப் பார்க்கிற கடவுள், சந்தையில் அதே கைகள் என்ன செய்கின்றன என்பதையும் பார்க்கிறார்.

இந்த எண்ணத்தோடு, நம் பக்கத்தில் இருக்கும் உழவர் சந்தையை இன்று சற்று நெருங்கிப் பார்ப்போம். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், நங்கநல்லூர், கூடுவாஞ்சேரி என்று நம் புறநகர்ப் பகுதியிலேயே பல உழவர் சந்தைகள் உள்ளன. அங்கே காய்கறி மலிவு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஏன் மலிவு என்பதைத் தெரிந்துகொண்டால், அது நம் விசுவாச வாழ்வையும் தொடுகிறது என்பது புரியும்.

உழவர் தம் விளைச்சலைத் தாமே மக்களிடம் விற்கும் சந்தையைப் பஞ்சாப் மாநிலம் 1987-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 'அப்னி மண்டி', அதாவது 'நம் சந்தை' என்பது அதன் பெயர். 1999-இன் தொடக்கத்தில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, முதல்வர் மு. கருணாநிதியின் ஆட்சியில், மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இயங்குகின்றன.

இதன் நடைமுறை எளியது. உழவரின் நிலத்தையும் பயிரையும் அலுவலர்கள் சரிபார்த்து, புகைப்படத்தோடு அடையாள அட்டை தருகிறார்கள். அட்டை உள்ளவர் கடைக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. தராசும் சந்தையிலேயே கிடைக்கும். இடைத்தரகர் கிடையாது. நாள்தோறும் காலையில் அன்றைய விலையை முடிவு செய்து, எல்லாரும் பார்க்கும்படி பலகையில் எழுதிவிடுகிறார்கள்.

அந்த விலை எப்படி முடிவாகிறது? மொத்தச் சந்தை விலையைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதல், வெளிக்கடை விலையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு என்பது கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். கத்தரிக்காய் மொத்தச் சந்தையில் கிலோ 30 ரூபாய், வெளிக்கடையில் 42 ரூபாய் என்றால், உழவர் சந்தைப் பலகையில் 36 ரூபாய் இருக்கும். விளைவித்தவருக்கு 6 ரூபாய் கூடுதல். வாங்குகிறவருக்கு 6 ரூபாய் மிச்சம். ஒருவருடைய நட்டம் மற்றவருடைய இலாபமாக அங்கே இல்லை.

இடையில் நிற்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நாம் வாங்கும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கோயம்பேட்டுக்கு வந்து, அங்கிருந்து தாம்பரத்துக்கு வருகிறது. லாரி ஓட்டுகிறவருக்கும் மூட்டை சுமக்கிறவருக்கும் கூலி வேண்டும். ஆனால் விலை சரிந்தால் முதலில் அடிபடுகிறவர் உழவர். விலை ஏறினால் முதலில் தவிக்கிறவர் ஏழை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் தக்காளியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள்; சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கும் விற்றார்கள்.

ஒரு மனிதர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. விலை ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் குறைவது இதுதான். சோறு இருக்கும், இரசம் இருக்கும். குழந்தையின் தட்டில் கீரையும் பழமும் இருக்காது.

வாங்குவது வெறும் பணக்கணக்கு அல்ல, அது அறநெறி சார்ந்த செயல் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில் அதையே நினைவூட்டினார். அப்படியானால் நம் காய்கறிப் பையும் நம் ஆன்மச் சோதனைக்கு உட்பட்டதே. குளிரூட்டிய பெரிய கடையில் அச்சிட்ட விலையை வாய் பேசாமல் கொடுக்கிற நாம், தெருவில் கீரைக்கூடையோடு வரும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அது நீதியா?

லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் இரண்டு கட்டளைகள் சேர்ந்தே வருகின்றன. தராசும் எடைக்கல்லும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அறுவடையில் வயலோரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நீதி, இரண்டாவது இரக்கம். பலகை விலை நீதியைக் காட்டுகிறது. ஆனால் அந்த விலையும் எட்டாதவர்கள், விடியுமுன் வேலைக்குப் போவதால் காலைச் சந்தைக்கு வர இயலாதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காக நம் வயலோரத்தில் எதை விட்டுவைக்கிறோம்?

நம் அன்பியங்கள் இதைச் செய்ய முடியும். சந்தைக்குப் போகிறவர், போக முடியாத இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து அதே விலைக்கு வாங்கி வரலாம். முதியோரும் நோயாளிகளும் இருக்கும் வீட்டை முதலில் கேட்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் கொடுக்கும் அரிசி, பருப்போடு வாரம் ஒரு கட்டுக் கீரையும் நான்கு வாழைப்பழமும் சேரட்டும். உழவரிடம் பலகை விலைக்குக் கீழே கேட்காதிருப்போம். மீதிச் சில்லறையைக் கூடைக்கார அம்மாவிடமே விட்டுவருவோம்.

நிலத்தின் விளைச்சலையும் மனித உழைப்பின் பயனையும் ஒவ்வொரு திருப்பலியிலும் பீடத்தில் காணிக்கையாக வைக்கிறோம். அந்த நிலத்தை உழுதவருக்கும், அதன் விளைச்சலுக்காக ஏங்குகிற ஏழைக்கும் நம் கைகளால் நீதி கிடைக்க, ஆண்டவர் நமக்கு அருள் தருவாராக. ஆமென்.