பயணத்துக்கு முன் ஒரு படிவம்: காய்ச்சலை மறைக்காதீர்கள்!



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டங்களில் பயணப் பேச்சுத்தான். சிலர் வேன் பிடித்து ஹாட்யாய் போவார்கள். சிலர் பஸ் ஏறிச் சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கப் போவார்கள். பழனி, வேளாங்கண்ணி என்று நேர்த்திக்கடன் செலுத்தத் திருச்சிக்கு விமானம் ஏறுகிறவர்களும் உண்டு.

முன்பு எல்லையிலோ விமானத்திலோ ஒரு சின்ன அட்டையைக் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேனா வாங்கி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. இன்று அந்த அட்டை கைப்பேசிக்குள் போய்விட்டது. புறப்படும் முன்பே நிரப்பி அனுப்பிவிட வேண்டும்.

"இது குடிநுழைவு ஆபீஸ் காரியமாச்சே, உடல்நலப் பகுதியில் எதுக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் உடல்நலத்தைப் பற்றியும் கேள்விகள் வருகின்றன. நம்ம ஆளுங்க அவசரத்தில் "இல்லை, இல்லை" என்று தட்டிவிட்டுப் போவதும் அந்தக் கேள்விகளைத்தான்.

பழைய வழக்கம், புது உருவம்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும் முன்பே டாக்டர் சோதிப்பார். பினாங்கு வந்து சேர்ந்தவர்களை ஜெரஜாக் தீவில் இறக்கித் தனியே வைத்திருப்பார்கள். அம்மையும் காலராவும் கப்பலோடு வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அது. பிற்காலத்தில் ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய் வந்தவர்கள் அம்மை குத்திய சர்ட்டிபிகேட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1980-இல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு அப்புறம் வேலை இல்லை. ஆனால் நோய்கள் எல்லை தாண்டுவது நிற்கவில்லை. கோவிட் காலத்தில் அதை நாமே கண்ணால் பார்த்தோம்.

என்ன கேட்கிறார்கள்? ஏன்?

சிங்கப்பூர்ப் படிவம், இப்போது உங்களுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் போன்றவை உண்டா என்று கேட்கிறது. கடந்த ஆறு நாளில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து நாடுகளுக்குப் போனீர்களா என்றும் கேட்கிறது. இந்தியாவின் அட்டையும் கடந்த ஆறு நாளில் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்று கேட்கிறது. தாய்லாந்து இரண்டு வாரக் கணக்குக் கேட்கிறது.

அது என்ன ஆறு நாள்? மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு கொடிய நோய். கொசுக்கடியால் கிருமி உடம்பில் புகுந்து, மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் காட்டும். ஆசியாவில் அந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் லயத்துப் பின்புறம் கிடக்கும் பழைய டயரிலும் பூச்சட்டித் தண்ணீரிலும் தாராளமாக வாழ்கிறது. டெங்கியைக் கொண்டு வருவதும் அதே கொசுதான். கிருமி ஒரு ஆள் உடம்பில் வந்து இறங்கினால், பரப்புவதற்குக் கொசு தயாராக நிற்கிறது! அதனால்தான் அந்தக் கேள்வி.

இது வெறும் பயம் அல்ல. சிக்கன்குனியா நம் நாட்டில் முதன்முதலாகப் பரவியது 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும், நமக்குப் பக்கத்திலுள்ள போர்ட் கிள்ளானில்.

எந்த நாட்டுக்கு எது?

1. சிங்கப்பூர்: 2020 மார்ச் முதல் காகித அட்டை கிடையாது. வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

2. தாய்லாந்து: 2025 மே 1 முதல் கட்டாயம். தரை வழியாக வேனில் போகிறவர்களுக்கும் உண்டு. இதுவும் மூன்று நாளுக்குள்.

3. இந்தியா: 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு. 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். விசா வேறு, இது வேறு. இது இருக்கிறதென்று விசா எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

4. மலேசியா: ஊரிலிருந்து நம்மைப் பார்க்க வரும் உறவினர்கள் 2024 ஜனவரி 1 முதல் நிரப்ப வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கும், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது தேவையில்லை.

நான்குமே இலவசம். ஒரு காசு கொடுக்க வேண்டாம். காசு பறிக்கப் போலி அகப்பக்கங்கள் நிறைய உண்டு. முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். சிங்கப்பூருக்கு "ஜிஓவி டாட் எஸ்ஜி", தாய்லாந்துக்கு "ஜிஓ டாட் டிஎச்", இந்தியாவுக்கு "ஜிஓவி டாட் இன்", மலேசியாவுக்கு "ஜிஓவி டாட் எம்ஒய்". பணம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

நிரப்பும்போது கவனிக்க

பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். நம் பெயர்களில் "ஏ/எல்", "ஏ/பி" வரும். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளைப் போடுங்கள். கைக்குழந்தைக்கும் தனியாக விவரம் வேண்டும். முடிந்ததும் வரும் பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு ஒரு தாளில் அச்செடுத்துக் கடப்பிதழுக்குள் வைத்துக் கொடுங்கள்.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் நிரப்பிக் கொடுப்பது நல்ல காரியம். வேன் ஏற்பாடு செய்கிறவர் நிரப்பினாலும் சரிதான். ஆனால் நாற்பது பேருக்கும் ஒரே மூச்சில் "நோய் இல்லை" என்று தட்டிவிடுவது தப்பு. "பாட்டி, உடம்பு எப்படி இருக்கு? நேத்து ராத்திரி காய்ச்சல் அடிச்சுதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டே பதில் போட வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிய தாள், இன்று காய்ச்சல் உண்டா என்பதை எப்படிச் சொல்லும்?

பனடோல் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்

"டிக்கெட் எடுத்தாச்சு, காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்பிடுவான்" என்று பனடோல் விழுங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரில் பொய்த் தகவல் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்குத்தான்.

டெங்கியில் காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். "இறங்கிடுச்சு, போகலாம்" என்று நாம் நினைப்போம். உண்மையில் அபாயமான கட்டமே அப்போதுதான் ஆரம்பிக்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய அசதி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நடு ராத்திரியில் நெடுஞ்சாலையிலோ, மொழி தெரியாத ஊரிலோ அது வந்தால் என்ன செய்வீர்கள்? ஆகவே காய்ச்சல் கண்டால் பயணத்தை ஒத்திப் போட்டு முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். டெங்கியில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

திரும்பி வந்த பிறகு

வீடு வந்து சேர்ந்த பின் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்கு எப்போது போனீர்கள் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். 2018 முதல் நம் நாட்டில் மனித மலேரியா உள்ளூரில் பரவவில்லை. அதனால் நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்த நினைப்பே வராமல் போகலாம். வெளியூரில் தொற்றிய மலேரியா சில வாரம் கழித்தும் தலைகாட்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். நிலைமை மோசமானால் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் மருத்துவமனைகளுக்கு உடனே போங்கள்.

பிள்ளைகளே, அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பும்போது அந்த உடல்நலக் கேள்வியைத் தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வாயால் பதில் வரட்டும். அதன் பிறகு தட்டுங்கள்.