அதிக ஸ்டீல் எடுத்தா நல்ல டிஃபென்டரா? ஐவர்சன் - ஸ்னோ கணக்கு சொல்வது என்ன?

ஒரே அணி, ஒரே சீசன். ஒருவர் எதிரணியிடம் பந்தைப் பறிப்பதில் என்பிஏ-விலேயே முதலிடம். ஆனால் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பட்டியலில் இடம் கிடைத்தது அவருடைய சக வீரருக்கு. எப்படி?

2002-03 சீசன், ஃபிலடெல்ஃபியா செவன்டிசிக்ஸர்ஸ் அணி. ஆலன் ஐவர்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.7 ஸ்டீல் எடுத்தார். எரிக் ஸ்னோ எடுத்தது அதைவிடக் குறைவு. ஆனா, ஆல்-டிஃபென்ஸிவ் இரண்டாவது அணிக்குத் தேர்வானது ஸ்னோதான். அப்போது அந்த அணியைத் தேர்வு செய்தவர்கள் பயிற்சியாளர்கள். சொந்த அணி வீரருக்கு அவர்கள் ஓட்டுப் போட முடியாது. ஆக, இது ஸ்னோவை எதிர்கொண்டவர்கள் போட்ட ஓட்டு. தொடர்ந்து 3 சீசன் ஸ்டீலில் முதலிடம் பிடித்த ஐவர்சனுக்கு அந்தப் பட்டியலில் கடைசிவரை இடமே கிடைக்கவில்லை.

ஸ்டீல் ஏன் ஏமாற்றுகிறது?

பாஸை மறிக்கப் பாய்ந்து பந்து சிக்கினால் ஒரு ஸ்டீல். சிக்காவிட்டால்? அவர் காவல் காத்த ஆள் தனியாக நின்று கூடையில் போடுவார். அந்த 2 புள்ளிகள் பாய்ந்தவர் கணக்கில் ஏறாது.

இன்னொரு விஷயம், உயரம். ஐவர்சன் 6 அடி, ஸ்னோ 6 அடி 3 அங்குலம். எதிரணியின் பலமான கார்டை ஸ்னோ பார்த்துக்கொண்டார். ஐவர்சன் பாஸ்களைக் குறிவைத்தார். ஐவர்சனின் ஸ்டீல்களில் கொஞ்சம் ஸ்னோவுக்கும் சேர வேண்டியது என்றுகூடச் சொல்லலாம்.

சரி, எப்படித்தான் ஒப்பிடுவது?

ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது, எதிரணிக்குப் பந்து கிடைத்த ஒவ்வொரு 100 வாய்ப்புக்கும் எத்தனை புள்ளிகள் போகின்றன என்று பார்ப்பார்கள். ஆனா இருவரும் பெரும்பாலும் சேர்ந்தே ஆடினால், இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும்!

அதனால் ஒருவர் ஆடி மற்றவர் பெஞ்சில் இருந்த நிமிடங்களைப் பிரிக்க வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: இருவரும் சேர்ந்து ஆடும்போது 104 புள்ளிகள், 'அ' மட்டும் இருந்தால் 109, 'ஆ' மட்டும் இருந்தால் 103. தடுப்பைத் தாங்குவது 'ஆ' போலத் தெரிகிறது.

அவசரப்பட வேண்டாம். அந்த நேரத்தில் 'அ'வுடன் மாற்று வீரர்கள் மட்டுமே ஆடியிருக்கலாம். எதிரணியின் 3 புள்ளி ஷாட்கள் அதிர்ஷ்டத்தில் விழுந்திருக்கலாம். களத்தில் உள்ள 10 பேரையும் கணக்கில் எடுக்கும் 'அட்ஜஸ்டட் பிளஸ்-மைனஸ்' முறை முதல் சிக்கலைக் குறைக்கும். இரண்டாவதற்கு நிறைய ஆட்டங்களின் தரவு வேண்டும். பத்து ஆட்டம் போதவே போதாது.

2013-14 முதல் எல்லா என்பிஏ அரங்குகளிலும் வீரர்களின் அசைவைப் பதிவு செய்யும் கேமராக்கள் வந்துவிட்டன. யாரை யார் காவல் காத்தார், அவர் எத்தனை ஷாட் போட்டார் என்றும் இப்போது பார்க்க முடிகிறது. அதிலும் ஒரு வில்லங்கம்: எதிரணியின் நட்சத்திரத்தைத் தினமும் காவல் காப்பவரின் எண், சுமாரான ஆளைக் காப்பவரின் எண்ணைவிட மோசமாகத்தான் தெரியும். அதனால் புள்ளியைப் பார்க்கும் முன், யாரைக் காக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது என்று முதலில் பாருங்கள்.