ஆவாரை

ஆவாரை (சென்னா ஆரிகுலேட்டா) அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. வறண்ட தரிசுகளிலும் சாலையோரங்களிலும் தானாக வளரும். ஆவிரை என்பது இதன் பழைய பெயர். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இது இடம்பெறுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையது. மஞ்சள் பூவை அறியாதவர் இல்லை. செடியின் மற்ற நுட்பங்களைக் கவனித்தவர் குறைவு.

இலை

இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற இரண்டு இலையடிச் செதில்கள் உண்டு. ‘ஆரிகுலேட்டா’ என்ற இலத்தீன் சொல்லுக்குக் ‘காதுடையது’ என்பது பொருள். ஒவ்வொரு இணைச் சிற்றிலைகளுக்கும் நடுவே ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். இதன் உறவான பேயாவிரையில் காம்பின் அடியில் மட்டுமே சுரப்பி இருக்கும். பூக்காத காலத்திலும் இரண்டையும் பிரித்தறிய இந்த அடையாளம் போதும்.

பூ

பூவில் பத்து மகரந்தத்தாள்கள் உள்ளன. மேலே உள்ள மூன்றும் மலடு. பூவில் தேன் கிடையாது. மகரந்தமே வண்டுக்குக் கிடைக்கும் கூலி. அதுவும் எளிதில் கிடைக்காது. மகரந்தப்பைகள் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே திறக்கும். கரிய தச்சுவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, சிறகடிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிர வைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் வெளியே தெறிக்கும். அப்போது எழும் ரீங்காரம் பறக்கும்போது கேட்பதைவிடக் கூர்மையானது. காலையில் செடியருகே சற்று நேரம் நின்றால் இதைக் கேட்கலாம்.

பட்டை

பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. செடியைக் கடிக்கும் பூச்சிகளுக்குச் செரிமானத்தைக் கெடுக்கும். அதே இயல்புதான் தோலையும் காக்கிறது. தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தை டானின் இறுகப் பிணைப்பதால் தோல் அழுகாமல் பதப்படுகிறது. பட்டை ஊறிய நீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் நீர் கருமையேறும். டானின் இருப்பதை மாணவர்களுக்குக் காட்ட இந்தச் சோதனை எளிது.

தொழிலில் மாற்றம்

தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டு, கடுக்காயால் மெருகேற்றி ஏற்றுமதி செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை இதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் குரோமிய உப்பு பரவியது. பட்டைக்கு வாரக்கணக்கில் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆனால் தோல் ஆலைக் கழிவுகளால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. பட்டைக் கழிவுநீரையும் சுத்திகரிக்காமல் விடக்கூடாது. ஆனால் அதில் குரோமியம் இல்லை.

இன்று ஆவாரம்பட்டையைத் தேடுவோர் அரிது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் வெட்டப்படும் களைகளுள் ஆவாரையும் ஒன்று. ஓர் ஊரின் தொழில் எந்தச் செடியை நம்பித் தொடங்கியது என்பதை அடுத்த தலைமுறை அறிய வேண்டுமானால், அந்தச் செடி அந்த ஊரில் இருக்க வேண்டும். பள்ளி வளாகத்தின் ஓரத்தில் இரண்டு செடி வளர்த்தாலே போதும்.