சரளையும் ஜல்லியும்

அண்மையில் ஒரு சங்கக் கிடங்கைப் பார்வையிட்டேன். சுவர் உறுதி, கூரையில் ஒழுக்கு இல்லை. எனினும் தரையில் அடுக்கியிருந்த நூல் சிப்பங்களின் அடியில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. திமிசு போட்ட மண்ணின் மீதே நேராகத் தளம் போட்டிருந்தனர். அடியில் ஜல்லி பரப்பியிருந்தால் இந்த நஷ்டத்தைப் பெரிதும் தவிர்த்திருக்கலாம். ஆகவே, நாம் அற்பமாக எண்ணும் இக்கற்களைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

சரளை இயற்கை தந்தது. வெயிலாலும் மழையாலும் பிளந்த பாறைத் துண்டுகளை ஆற்று வெள்ளம் உருட்டி, முனை மழுக்கி வழவழப்பாக்குகிறது. ஜல்லி மனிதன் உடைத்தது. பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, இயந்திரத்தில் நொறுக்கி, சல்லடையில் அளவு பிரிக்கின்றனர். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கருங்கல்லின் இனத்துக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வினமாதலால், 1893-ல் ஹாலந்து என்ற நிலநூல் அறிஞர் அப்பெயரை இட்டார்.

உருண்டைக் கற்கள் ஒன்றன்மீது ஒன்று நழுவும். முனையுள்ள ஜல்லியோ ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆதலின் சாலைக்கு ஜல்லியே சிறந்தது. கான்கிரீட்டுக்கு இரண்டும் உதவும். ஆனால் களிமண்ணும் தூசியும் ஒட்டியிருந்தால் சிமெண்டு பிடிக்காது. ஒரு கைப்பிடிக் கல்லைக் கண்ணாடிப் பாத்திரத்து நீரிலிட்டுக் கலக்குங்கள். நீர் சேறானால் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும். கூரைத் தளத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி ஏற்றது.

இனிக் கிடங்கின் தரை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மண்ணின் நுண்ணிய துளைகள் வழியே ஈரம் மேலேறுகிறது. பெரிய ஜல்லிகளுக்கிடையே உள்ள இடைவெளி அகலமானதால் அவ்வாறு ஏற இயலாது. தூள் கலவாத ஒன்றரை அங்குல ஜல்லியை ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேலே பாலிதீன் தாள் விரித்துத் தளம் போட்டால் நீராவியும் தடைப்படும். நூலுக்கும் விதைநெல்லுக்கும் அதுவே காப்பு.

வாங்கும்போது அளவிலும் கவனம் தேவை. 100 கன அடி ஒரு யூனிட். லாரித் தொட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம் இருந்து, கல் இரண்டரை அடி உயரம் நிறைந்திருப்பின் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். வழிக் குலுக்கலில் கல் அமுங்குமாதலால், ஏற்றுமிடத்திலா, இறக்குமிடத்திலா, எங்கு அளப்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்க.

கிடங்கு கட்டும் சங்கத்தின் அங்கத்தினர்கள், தரையடி ஜல்லிக்கு மதிப்பீட்டில் இடமுண்டா என்று நிர்வாகக் குழுவைக் கேட்டறிய வேண்டும். தளம் போட்ட பின் கேட்பதில் பயனில்லை.