உங்களுக்குத் தெரியுமா? போர்க்காலக் காதல் கடிதங்கள்

● 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தபால்தலை விலை காசிலும் பணத்திலும்தான்: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் லூயி பொன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி தெகோல் பக்கம் சேர்ந்தார். பிறகு, இருந்த தபால்தலைகள்மீதே ‘சுதந்திர பிரான்ஸ்’ என்று பிரெஞ்சில் அச்சுக் குத்தி விற்றார்கள். அதை ஒட்டினால் காதல் கடிதமும் கட்சி சொல்லும்!

● காரைக்காலுக்கு வடக்கே, அதே கடற்கரையில் காவிரிப்பூம்பட்டினம். அவ்வூர்ப் பொன்வாணிகர் மகன் நப்பூதனார் பாடியது முல்லைப்பாட்டு. 103 அடிகள், பத்துப்பாட்டில் மிகச் சிறியது. அரசன் பாசறையில், அரசி அரண்மனையில், இருவருக்கும் உறக்கமில்லை. கடிதம் வராத அரசிக்குக் கிடைத்த ஆறுதல், முதிய பெண்கள் கேட்டுவந்த நற்சொல் மட்டுமே. அது, தாய்ப்பசுவுக்கு ஏங்கிய கன்றை ஆயர்குலப் பெண் தேற்றிய சொல்.

● முதல் உலகப் போரில் பிரெஞ்சுச் சிப்பாய்களின் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது. கவிஞர் கியோம் அப்போலினேர் அந்தச் சலுகையை வஞ்சனையில்லாமல் பயன்படுத்தினார். 1915-ல் போர்முனையிலிருந்து லூ, மதலேன் என்ற இரு பெண்களுக்கும் கடிதங்களையும் கவிதைகளையும் அனுப்பிக்கொண்டிருந்தார். வெடித்த குண்டுகளின் அலுமினியத்தில் மோதிரமும் செய்து அனுப்பினார். 1916 மார்ச் 9-ல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. எட்டே நாளில் தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது.

● புதுமைப்பித்தன் சென்னையில். மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில். இருவருமே எழுத்தாளர்கள், கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர். இவர்களைப் பிரித்து வைத்தது போர் அல்ல, பிழைப்பு. ஆனாலும் காலம் போர்க்காலம். 1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பீதியில் பாதிச் சென்னை ஊரைக் காலி செய்தது. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் கொஞ்சலும் உண்டு, கைச்செலவுக் கவலையும் உண்டு. கதைகளில் ஊரையே எள்ளி நகையாடியவர், இங்கே குழைந்து உருகுகிறார். அவற்றை இளையபாரதி தொகுத்த நூல் ‘கண்மணி கமலாவுக்கு’. ‘ராஜமுக்தி’ பட வேலைக்காகப் புனே போன புதுமைப்பித்தன், காசநோயோடு கமலாவிடம் திரும்பினார். 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42.

● 1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியதும், பிரான்ஸில் இருந்த எழுத்தாளர் ஆல்பெர் காம்யூவுக்கும் அல்ஜீரியாவில் இருந்த மனைவி பிரான்சினுக்கும் தொடர்பு அறுந்தது. 1944-ல் பாரிஸில் நடிகை மரியா கசாரெஸ்மீது காம்யூ காதல் கொண்டார். மனைவி திரும்பியதும் காதலர்கள் பிரிந்தார்கள். 1948-ல் தற்செயலாகத் தெருவில் சந்தித்து மறுபடி சேர்ந்தார்கள். இருவரும் 1959 வரை எழுதிக்கொண்ட 865 கடிதங்கள் 2017-ல் நூலாயின. முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? பிரான்சின் பெற்ற மகள் கத்தரீன் காம்யூ!