சிறுநல்கையும் ஊராய்வும்

குடிகளின் பொருட்டுச் சட்டம் வகுப்போர், குடிகள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். வரி, விலை, கூலி, குத்தகை என்பன அரசாங்க ஏடுகளில் எழுத்தாய் நிற்பினும், அவற்றின் விளைவு வயலிலும் அடுக்களையிலுமே புலப்படும். அங்ஙனம் நேரிற் கண்டு எழுதும் ஆசிரியர்க்கு அளிக்கப்பெறும் பொருளுதவியே ஆராய்ச்சி நல்கை எனப்படுவது. அது பெருந்தொகையாய் இருந்தாலன்றிப் பயன்படாது என்பது பலர் கருத்து. பொருளியல் ஆராயும் கல்லூரி ஆசிரியர்க்குச் சிறுதொகையும் பெரும்பயன் விளைக்கும் என்பதை, திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள லால்குடியைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதியியலார்க்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். பொருளியலார்க்கோ ஊரே ஆய்வுக்கூடம். ஊருக்குச் சென்றுவரப் பேருந்துக் கட்டணம், வினாத்தாள் அச்சிடும் செலவு, வீடுதோறும் சென்று கேட்டெழுதும் இளைஞர்க்கு ஊதியம், பழைய பதிவேடுகளைப் படியெடுக்கும் செலவு, கிடைத்த விடைகளைத் தொகுத்துக் கணக்கிடும் செலவு ஆகிய இவையே அவர்க்கு வேண்டுவன. இவை ஒவ்வொன்றும் சிறியன. ஆயினும் குடும்பம் தாங்கும் ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்தினின்றே இவற்றைச் செலுத்துதல் அரிது. சிறுநல்கை இவ்விடத்திலேதான் உதவுகின்றது.

நம் நாட்டில் இதற்கென ஏற்பட்ட அமைப்புகள் சில உள. திட்டக்குழுவின் ஆராய்ச்சித் திட்டக் குழு 1953ஆம் ஆண்டில் தோன்றிப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் ஆய்வுகளுக்கு உதவிற்று. பல்கலைக்கழக மானியக் குழு சிற்றாய்வுத் திட்டம் என்னும் பெயரால் கல்லூரி ஆசிரியர்களுக்கு நெடுங்காலம் தொகை வழங்கிற்று. 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இத்துறைக்கெனவே அமைந்ததாகும். நல்கை வேண்டுவோர், தாம் விடைகாண விரும்பும் வினா யாது, அதனை எம்முறையில் ஆராய்வர், எத்துணைத் திங்களில் முடிப்பர், செலவு எவ்வளவு என்பவற்றைத் தெளிவுற எழுதி விண்ணப்பித்தல் வேண்டும். துறையறிந்தோர் அதனை ஆய்ந்து பரிந்துரைப்பர். தொகை பெரும்பாலும் தவணைகளாகவே வரும். முடிவில் ஆய்வுரையும் தணிக்கை செய்த கணக்கும் ஒப்படைத்தல் வேண்டும்.

சிறுமுயற்சியால் பெரும்பயன் விளைதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் வினாத்தொகுதி ஒன்றைக் கொடுத்து, அவரவர் ஊரை ஆராய்ந்துவரப் பணித்தார். அவற்றின் தொகுப்பு 1918இல் நூலாயிற்று. அவ்வூர்களுட் சிலவற்றைப் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் என்போர் மீண்டும் ஆராய்ந்து 1940இல் வெளியிட்டனர். மால்கம் ஆதிசேஷையா 1971இல் தோற்றுவித்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் அவற்றை மறுபடியும் கண்டனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆசிரியரே அவ்வாதிசேஷையா என்பது நம்மனோர்க்கு உவகை தருவதாம். மாணவர் எழுதிய சிறு குறிப்புகள் பிற்காலத்தார்க்கு அளவுகோலாயின. முன்னைய கணக்கு இல்லையேல், பின்னைய மாற்றத்தை அளப்பது எங்ஙனம்?

இனி லால்குடியை நோக்குவோம். கொள்ளிடத்தின் வடபால், பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் பாயும் நன்செய் நாடு இது. நெல்லும் வாழையும் இதன் செல்வம். இத்தாலுகாவின் நிலவுடைமை வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் யாரெனில், ஜப்பான் நாட்டு அறிஞர் ஹாருகா யானகிசாவா ஆவர். அவர் பழைய செட்டில்மெண்டுப் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு நூற்றாண்டின் மாற்றத்தைக் காட்டும் ஆங்கில நூலை 1996இல் வெளியிட்டார். பிராமண நிலக்கிழார் பலர் நகரங்களையும் உத்தியோகங்களையும் நாடியமையால் அவர் கைநிலம் குறைந்தமையும், அந்நிலம் பிற வகுப்பாரிடம் சென்றமையும், கடல் கடந்து வேலைக்குச் செல்லும் வாய்ப்பு ஊரிலிருந்த உழைப்பாளரின் நிலையை மாற்றியமையும் அதனால் விளங்குகின்றன. நம் வாயிலருகே கிடந்த ஏடுகளின் பொருளை உணர்த்த அயல்நாட்டார் ஒருவர் வந்தமை அவர்க்குப் புகழ். நமக்கோ அது தூண்டுகோலாதல் வேண்டும்.

இத்தகைய அறிவு சட்டத்திற்கும் இன்றியமையாதது. 1958ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கெனக் கையேருவாரம், மாட்டுவாரம் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. வார முறைகளின் ஊர்வழக்குப் பெயரையே அச்சட்டம் தாங்கி நிற்கின்றது. குத்தகை என்னும் பொதுச்சொல் ஒன்றனையே அறிந்தவர் இவ்வேறுபாட்டைக் காண்டல் இயலுமோ? ஊராரோடு அமர்ந்து அவர்தம் மொழியிற் கேட்பார்க்கே அது புலனாகும். இதில் தமிழ் பயில்வார்க்கும் பங்குண்டு. வாரம், ஒற்றி, போகியம் என்னும் சொற்களின் நுண்பொருளை உணராதார் வகுக்கும் வினாத்தாள் பிழைபட்ட விடையையே கொணரும்.

சிறுநல்கைக்கு எல்லையும் உண்டு. ஓரூரைக் கண்டு மாவட்டம் முழுவதற்கும் முடிபு கூறுதல் தவறு. ஓராண்டின் விளைவைக் கொண்டு பல்லாண்டின் போக்கை உறுதி செய்தலும் தவறு. ஆனால் அருகிலுள்ள ஆசிரியர்க்கு ஒரு நன்மை உண்டு. தொலைவினின்று வருவோர் விடுமுறை முடிந்ததும் மீளுவர். இவரோ நடவிற்கும் செல்லலாம், அறுவடைக்கும் செல்லலாம், பத்தாண்டு கழித்து அதே வீட்டின் கதவையும் தட்டலாம். ஆதலின் ஒருமுறை தரும் பெருந்தொகையினும், காலந்தோறும் வரும் சிறுதொகையே ஊராய்வுக்கு ஏற்றதாகும்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். விடை சொல்வோர் தமிழிற் சொல்கின்றனர். ஆய்வுரையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்து நூலகத்தில் உறங்குகின்றது. தம் வரவையும் கடனையும் மறையாது உரைத்த உழவர், தம்மைப்பற்றி எழுதப்பட்டது யாது என அறிய உரிமையுடையர் அல்லரோ? ஒவ்வொரு நல்கையிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு அவ்வூர்க்கு அளித்தல் அறமாகும்.

ஊழியன் ஒருவன் தான் பெற்ற ஒரு தாலந்தை மண்ணிற் புதைத்துவைத்த கதையை நாம் அறிவோம். சிறிதென்பதனால் அவன் கணக்கினின்று தப்பவில்லை. பொதுமக்கள் வரிப்பணத்தினின்று வரும் நல்கையும் அத்தகையதே. ஆசிரியர்கள் அதனைக் கேட்டுப் பெறுவாராக. மாணவர்கள் வினாத்தாள் ஏந்தி உடன் செல்வாராக. அதனால் விளையும் அறிவு, அதனைத் தந்த ஊர்க்கே முதலிற் சென்று சேர்வதாக.